மார்ஜரி இந்த ஊரில்தான் இருக்கிறாளா?

சங்கு ஊதியது. ஊரே காதைப் பொத்திக்கொள்கிற ஊதல். மேயர் ஆபீஸ் கூரையில் இருக்கும் அந்த ஒலிபெருக்கிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

நான் தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. நைஜல் பிக்கரில் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி மார்ஜரி. கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். கையில் ஒரு நீலப் பெட்டி.

"என்னாச்சுங்க? சண்டையா? அணு உலை ஏதாவது வெடிச்சிருச்சா?" என்று கத்தினார் நைஜல்.

"புதன்கிழமை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சங்கு அடங்கியதும் விளக்கினேன். மாதத்தின் முதல் புதன், பகல் பன்னிரண்டு மணிக்கு நாடு முழுக்கச் சங்கு வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்கள்.

"சரி, அதே நேரத்துல நிஜமாவே ஆபத்து வந்தா?"

"வராது. பன்னிரண்டு மணிக்கு இங்கே எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க."

நைஜல் பூனையைத் தரையில் விட்டார். மார்ஜரி பெட்டியோடு உள்ளே போனாள். சங்கு ஊதியது ஒரு நிமிடமும் சில நொடிகளும். அதற்குள் பெட்டி கட்டி, கோட்டும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பதற்றத்திலும் நிதானம் இழக்காத பெண் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அவர்கள் இங்கிலாந்தின் நனீட்டனிலிருந்து இங்கே குடிவந்து அப்போது மூன்று வாரம்.

நான் டோரீன் ஆஸ்க்வித். அதே நாட்டில் டான்காஸ்டரில் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் வேலை பார்த்தவள். வெர்னாக் கிராமத்துக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. இங்கிலாந்திலிருந்து யார் புதிதாக வந்தாலும் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன். நானே தட்டச்சு செய்தது. கடைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை யாரையும் தொலைபேசியில் கூப்பிடக்கூடாது, ஞாயிறு மதியம் புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடக்கூடாது, விருந்துக்குப் போகும்போது சாமந்திப்பூ வாங்கிக்கொண்டு போகக்கூடாது, அது கல்லறைக்கு. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருப்பேன்: மின் இணைப்பில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு மூச்சு போதாது. மின்கட்டண ரசீது வேண்டும்.

பிக்கரில் தம்பதியிடமும் கொடுத்தேன். மார்ஜரி அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். நைஜல் பூனைக்குத் தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று கேட்டார்.

பத்து மாதம் ஓடியது. நைஜலை எங்கே பார்த்தாலும் ஏதாவது சுமந்துகொண்டிருப்பார்: ஏணி, சுண்ணாம்பு வாளி, பக்கத்துப் பண்ணையாரின் ஆட்டுக்குட்டி. மார்ஜரி வெளியே வரமாட்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கைப்பேசியில் நனீட்டனில் மழையா வெயிலா என்று தினமும் பார்ப்பாள். அங்கே மழை. இங்கேயும் மழை.

பிப்ரவரி நடுவில் ஒரு காலை நைஜல் என் கதவைத் தட்டினார். பின்னால் மார்ஜரி. கையில் மாவட்டத் தலைமை அலுவலகத்தின் கடிதம்.

முதல் வருட விசா முடிகிறது. இனி குடியிருப்பு அட்டை வேண்டும். நைஜலுக்குக் கிடைத்துவிட்டது. மார்ஜரி இந்த முகவரியில்தான் இருக்கிறாள் என்பதற்கு அவள் பெயரிலேயே ஒரு சான்று மார்ச் முதல் வெள்ளிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும். மூடினால் மார்ஜரி ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆறு மாதத்தில் தொண்ணூறு நாள் விருந்தாளியாக வந்து கணவனைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

"கரண்ட் பில் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"என் பேர்ல" என்றார் நைஜல்.

"தண்ணி?"

"என் பேர்ல."

"வீட்டுக் காப்பீடு, போன்?"

"அதுவும்தாங்க."

"பூனை?"

"பூனையும் என் பேர்லதான்."

"நைஜல், நான் தடிச்ச எழுத்துல போட்டிருந்தேனே. ஏன்யா, கட்டின பொண்டாட்டி பேரை ஒரு பில்லுல எழுத உங்களுக்குக் கை வரலையா?"

நைஜல் மார்ஜரியைப் பார்த்தார். மார்ஜரி தரையைப் பார்த்தாள்.

"மறந்துட்டேங்க" என்றார் அவர்.

"ஏணியை மறக்கல, சுண்ணாம்பை மறக்கல. நல்லா இருக்கு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மின் நிறுவனத்துக்குத் தொலைபேசி போட்டேன். இப்போது பெயர் சேர்த்தாலும் அடுத்த ரசீது ஏப்ரலில்தான் வரும் என்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி. "மார்ஜரி பிக்கரில் என் ஊரில் வசிக்கிறார்" என்று மேயர் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும்.

மேயர் பெசாக் மாடு வளர்ப்பவர். செவ்வாய், புதன் காலைகளில் மேயர். மற்ற நேரம் மாட்டுக்குத்தான். ரப்பர் பூட்ஸோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் போய் நின்றோம். மார்ஜரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மதாம் டோரீன், இது என் கௌரவத்தின் பேர்ல போடற கையெழுத்து. இந்தம்மாவை நான் இன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்."

"என் பொண்டாட்டிங்க" என்றார் நைஜல்.

"இருக்கட்டும். யாரு இல்லைன்னா? உங்களைப் பார்த்திருக்கேன், மிசியே. உங்க பூனையைப் பார்த்திருக்கேன், ரெண்டு தடவை என் மாட்டுக் கொட்டகையில தூங்குச்சு. பூனைக்குன்னா இப்பவே எழுதித் தந்துருவேன்."

"அப்ப என்னதான் வழி?" என்றேன்.

"இந்த ஊர்ல இருக்கிறவங்க ஊர் கண்ணுல படுவாங்க. இன்னும் ரெண்டு வாரம் இருக்கில்ல? கண்ணுல படட்டும். மார்ச் முதல் புதன் வாங்க. பன்னிரண்டுக்கு முன்னாடி."

பன்னிரண்டுக்குப் பிறகு என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வெர்னாக்கில் கண்ணில் படுவதற்கு ஒரே இடம் மதாம் லக்ரூவின் ரொட்டிக் கடை. மறுநாள் காலை மார்ஜரியை அங்கே அழைத்துப்போனேன். என் தாளில் எழுதியிருந்ததை வழியெல்லாம் மறுபடி சொன்னேன். ஆனாலும் மார்ஜரி நனீட்டனில் நுழைவது போலவே நுழைந்தாள்: கதவை ஓசைப்படாமல் திறந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல், வரிசையின் கடைசியில், வாயை மூடிக்கொண்டு. மதாம் லக்ரூ அவளுக்குப் பின்னால் வந்தவருக்கு ரொட்டி கொடுத்தார். அதற்குப் பின்னால் வந்தவருக்கும் கொடுத்தார்.

"என்னை ஏன் அவங்க கவனிக்கல?" என்றாள் மார்ஜரி வெளியே வந்து, வெறுங்கையோடு.

"நீ வந்ததே அவங்களுக்குத் தெரியாதே. வணக்கம் சொல்லாதவங்க இங்கே இன்னும் கதவுக்கு வெளியேதான் நிக்கிறாங்க."

"ஜனங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

"பண்ணு. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

இரண்டாம் நாள் வணக்கம் சொன்னாள். ரொட்டிக்கு மட்டும் கேட்டிருக்கும். மூன்றாம் நாள் வரிசையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு பேரும் பதில் வணக்கம் சொன்னார்கள். மார்ஜரியின் காது சிவந்துவிட்டது. மதாம் லக்ரூ இரண்டு கையையும் கல்லாவின் மேல் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"எப்படி வேணும்? நல்லா சிவந்ததா, வெளுத்ததா?"

மார்ஜரி புன்னகைத்தாள். "உங்களுக்கு எது சௌகரியமோ அது."



இங்கிலாந்தில் இதற்குப் பெயர் மரியாதை. நான் இருபத்தொரு வருடமாக இதைச் சொல்லாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். மதாம் லக்ரூ என் பக்கம் திரும்பினார்.

"மதாம் டோரீன், இவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"இல்ல. இங்கிலீஷ்காரங்க."

"சாப்பிடப் போறது இவங்க. ரொட்டி எப்படி வேணும்னு நான் எப்படி முடிவு பண்றது? என்னம்மா, வீட்டுலயும் இப்படித்தானா?"

 அவர் கையில் வைத்ததை வாங்கிக்கொண்டு மார்ஜரி வெளியே வந்தாள். வழியில் ரொட்டியின் முனையைக் கிள்ளி வாயில் போட்டு, நெடுநேரம் மென்றாள்.

"வெளுத்தது எனக்குப் பிடிக்கல" என்றாள் கடைசியில்.

"அதை அவங்ககிட்ட சொல்லு."

"சண்டைக்கு வருவாங்களோ?"

"வந்தா நல்லது. ஒரு சாட்சி கிடைக்கும்."

அதற்குப் பிறகு நான் கூடப் போவதை நிறுத்திக்கொண்டேன். மார்ஜரி தினமும் எட்டரை மணிக்குத் தனியே கிளம்பினாள். முதலில் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பிறகு அரை மணி. ஒரு நாள் முக்கால் மணி நேரம் ஆனது. நைஜல் கவலையோடு என் வேலிக்கருகே வந்து நின்றார்.

"போன ஆளைக் காணோமே, டோரீன்."

"நீங்க அந்தப் பில்லுல பேரை எழுதியிருந்தா அவ இப்படி அலைய வேண்டியதில்லையே" என்றேன். சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க. தப்புதான்" என்றார், ஒவ்வொரு முறையும் போலவே.

மார்ச் முதல் புதன் வந்தது. மேயர் ஆபீஸில் எங்களுக்கு முன்னால் ஒருவர் வேலித் தகராறோடு உட்கார்ந்திருந்தார். வேலி அரை மணி நேரம் எடுத்தது. எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. நைஜல் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். இன்று முத்திரை விழாவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு முன் வேறு நாள் இல்லை.

"ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை ரோட்டுல பார்த்தேன்" என்றார் மேயர். "வணக்கம் சொன்னாங்க. நல்லது. ஆனா சுற்றுலா வர்றவங்ககூட வணக்கம் சொல்றாங்களே."

தொலைபேசியை எடுத்து ரொட்டிக் கடை எண்ணைச் சுழற்றினார். மதாம் லக்ரூவின் குரலுக்குத் தொலைபேசி தேவையில்லை. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"பிக்கரில் அம்மாவைத் தெரியுமா?" என்றார் மேயர்.

"மார்ஜரியா? நல்லா சிவந்த நீள ரொட்டி ஒண்ணு. வெள்ளிக்கிழமை கறுப்பு ரொட்டி. நேத்து ஒண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"யாரு? இவங்களா?"

"இவங்கதான். 'இது வேணாம் மதாம், அடி வேகல, அந்த ஓரத்துல இருக்கிறதைக் குடுங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்றது? அடி வேகலதான். ஏன், அவங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று மேயர் தொலைபேசியை வைத்தார். மார்ஜரியை இப்போது வேறு மாதிரி பார்த்தார். "சுற்றுலா வர்றவங்க ரொட்டியைப் போட்டோ எடுப்பாங்க. திருப்பிக் கொடுக்க மாட்டாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மெதுவாக எழுதினார். மாட்டுக் காதில் எண் குத்துகிற கை அது. ஒவ்வொரு எழுத்தும் அழுந்த விழுந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"மதாம் பிக்கரில், உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கறேன். நீங்க இந்த ஊர்லதான் இருக்கீங்களா?"

நைஜல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேயர் கையை உயர்த்தினார். நைஜல் வாயை மூடினார். மார்ஜரி நைஜலைப் பார்த்தாள், மேசை மேல் இருந்த தாளைப் பார்த்தாள். மணி பதினொன்று ஐம்பத்தொன்பது.

"இருக்கேன்" என்றாள்.

முத்திரை விழுந்தது. அதே நொடி கூரையில் சங்கு ஊதியது. நைஜல் ஒரு அடி துள்ளினார். மேயர் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார். மார்ஜரி தாளைப் பத்திரமாக உறையில் வைத்துக்கொண்டு, சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே நிதானமாக வீட்டுக்கு நடந்தாள்.

அன்று மாலை தாளைக் கணினி வழியே அனுப்பினோம். வெள்ளிக்கிழமை காலை, கோப்பு முழுமையாக இருக்கிறது, அட்டை வரும் என்று பதில் வந்தது. நைஜல் அந்தப் பதிலை அச்செடுத்து அடுப்புக்கு மேலே ஒட்டினார்.

சனிக்கிழமை நான் வசந்தகாலப் பழைய பொருள் சந்தைக்குச் சாமான் சேகரித்துக்கொண்டிருந்தேன். மார்ஜரி தெருவைக் கடந்து வந்தாள். கையில் அந்த நீலப் பெட்டி. தூக்கிப் பார்த்தேன், காலி.

"நல்ல பெட்டியாச்சே. வேண்டாமா?"

"வேண்டாம். யாராவது வாங்கிக்கட்டும்."

"உன் வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சு வித்துரலாம். பேரை எழுத மறக்கிற மனுஷன் எதுக்கு?" என்றேன்.

மார்ஜரி சிரிக்கவில்லை. எதிரே நைஜல் ஏணி மேல் நின்று கூரை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பெட்டியின் பூட்டை விரலால் மூடித் திறந்தாள்.

"அவர் மறக்கல, டோரீன். பில்லுல என் பேரு வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அன்னிக்குச் சங்கு ஊதினப்பவும் நான் பெட்டி கட்டல. வந்த நாள்லேருந்து அதைப் பிரிக்கவே இல்ல."