கடையிலிருந்து ஒரு போன்

தடாலென்று விழுந்தது கிதார். சோபாவைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்த தம்பியின் முழங்கை இடித்து, கொக்கியில் தொங்கிய நீலக் கிதார் குப்புறத் தரையில் விழ, கம்பிகளெல்லாம் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ அக்கா, பார்க்கவே இல்லக்கா..."

"பரவாயில்ல. உன் கால்ல படலையே?" என்றாள் அவள். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக நின்று, நோயாளிகளிடம் "கொஞ்சம் வாயைத் திறங்க" என்று சொல்வாளே, அதே குரல். நேற்றிலிருந்து அந்தக் குரல்தான் வந்துகொண்டிருந்தது.

கணவரின் உடலை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டதாம். அவரைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டும். சுவர் முழுக்கக் கிதார்கள். நடுவில் கழுத்து நீண்ட இரண்டு பேஸ் கிதார்கள். எல்லாமே புதிதாகக் கடையில் வாங்கியவை. "பழசுல வேற எவன் கோபமோ ஒட்டிட்டிருக்கும்" என்பார். லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு அப்படியொரு பைத்தியம். வேலை முடிந்து வந்து, கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஸ்பீக்கரில் மாட்டமாட்டார். அவளுக்கு ஒற்றைத் தலைவலி. வயர் சொருகாத எலெக்ட்ரிக் கிதார், அடுத்த அறையில் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். அதையே வாசித்துக்கொண்டிருப்பார்.

"இவன் சம்பாதிச்சதெல்லாம் சுவத்துலதான் தொங்குது," என்று மூக்கை உறிஞ்சினாள் நாத்தனார். "சின்ன வயசுல நான்தான் ஒரு மவுத்தார்கன் வாங்கிக் கொடுத்தேன். அன்னைக்கே கையை ஒடிச்சிருக்கணும், என் கையை."

யாரோ சிரிக்கப் போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"கடைசியா உன்கிட்டதானே பேசினான்? என்னம்மா சொன்னான்?"

"பால் இருக்கான்னு கேட்டார் அண்ணி."

"பாலா?"

"ம்."

"அப்புறம்?"

"இருக்குன்னேன்."

நாத்தனார் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருக்க, அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பால் பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன. நேற்றுக் காலையில் அவரே வாங்கி வந்து அடுக்கியவை. இருக்கிற பாலை எதற்குக் கேட்டார்? அழுகை வரவில்லை, இந்தக் கேள்விதான் வந்து வந்து போனது. நெஞ்சு வலித்திருக்கும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பாலில் ஆரம்பித்திருப்பார். அவளோ ஒரு நோயாளியின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கியிருந்தாள். குழாய் கர்ரென்று இரைந்ததில் அவர் குரலே பாதிதான் கேட்டது. "இருக்குங்க. வேலையா இருக்கேன், வைக்கறேன்." அவ்வளவுதான். அடுத்த போனும் அவர் நம்பரிலிருந்துதான் வந்தது. பேசியது அவரில்லை.

வாசலில் காலடிச் சத்தம். வண்டிதான் என்று எல்லோரும் எழுந்தார்கள். வண்டி இல்லை. நரைத்த முடியைக் குடுமி போட்டிருந்த ஒருவர், கணவரின் டூல் பையோடு நின்றார். அவரை அவள் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். 'குடுமி சொன்னான்' என்று கணவர் ஆரம்பித்தால் சுவரில் இன்னொரு ஆணி அடிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

"கடையிலேயே இருந்துச்சும்மா. கண்ணாடியும் உள்ள வச்சிருக்கேன்."

"ஓ, அந்த கிதார் கடைக்காரரா?" என்றாள் நாத்தனார். "இன்னைக்கும் எதாவது விக்க வந்தீங்களா?"

"உள்ள வந்து தண்ணி குடிங்க," என்று அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீரைக் கொடுக்காமலேயே கேட்டாள்:

"எனக்கு போன் பண்ணினப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"வலிக்குதுன்னு சொன்னாரா? மறைக்காம சொல்லுங்க. நான்தான் பாதியில வச்சுட்டேன்."

"சத்தியமா இல்லம்மா. அப்ப நல்லாத்தான் இருந்தார். டீ சரியில்லன்னு என்னைக் கிண்டல்கூட பண்ணினார். பில் போடறப்பதான் திடீர்னு..."

"பின்ன எதுக்கு பால் இருக்கான்னு கேட்டார்? அவரே வாங்கி வச்ச பாலு."

குடுமி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

"எதை?"

"உங்களுக்கு போன் போடாம ஒரு கிதார்கூட வாங்கமாட்டாரும்மா. பிடிச்சதை என் கையில கொடுத்து, ஸ்பீக்கர்ல மாட்டி வாசிக்கச் சொல்லுவார். பக்கத்துலயே நின்னு உங்களைக் கூப்பிடுவார். துணி காஞ்சிடுச்சா, மழை வருதான்னு எதாவது கேப்பார். 'என்ன சத்தம் அது'ன்னு நீங்க எரிஞ்சு விழுந்தா, அது திரும்ப எங்க கொக்கிக்கே போயிடும்."

ஒருமுறை அவள் கேட்டிருக்கிறாள். 'என்னங்க அது, தகரத்தை அறுக்கற மாதிரி?' பக்கத்தில் வெல்டிங் வேலை நடக்கிறது என்றார்.

"ஏன் சார் இந்தக் கூத்து, நேரா கேளுங்களேன்னு சொன்னேன். 'வாங்கட்டுமான்னு கேட்டா வேணாம்பாய்யா. சத்தத்தை மட்டும் கேக்கட்டும். என்னைக்காவது அவளுக்குத் தலைவலி விட்டுப்போகும், அன்னைக்கு எல்லாத்தையும் வீட்ல சத்தமா வாசிக்கணும்ல'ன்னார்."

வெளியே வண்டியின் கதவு திறந்தது. நாத்தனாரின் குரல் உயர்ந்தது.

"அக்கா, வந்துட்டாங்கக்கா," என்று தம்பி எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.

அவள் நகரவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் இருந்தது. அழுத்தி மூடினாள்.

"நேத்து?"

"நேத்து ஒரு பேஸ்மா. நான் வாசிச்சுட்டே இருந்தேன். போனை வச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். 'ஒரு வார்த்தை குறை சொல்லலய்யா, அவளுக்குப் பிடிச்சுப்போச்சு. பேக் பண்ணு'ன்னார்."