புறங்காட்டும் சிங்கங்கள்

நாற்பத்தெட்டுச் சிங்கங்களும் புறங்காட்டி ஓடிக்கொண்டிருந்தன.

நீண்ட அட்டையொன்றில் இருபுறமும் ஒட்டும் நாடாவின்மேல், வரிசைக்கு எட்டாக ஆறு வரிசையில் கேடயங்கள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. சிவப்புத் தளத்தில் மஞ்சள் சிங்கம் பின்கால்களில் எழுந்து நின்று முன்கால்களை வீசிக்கொண்டிருந்தது. வீசிய திசையில்தான் குற்றம். வீரன் கேடயத்தை இடக்கையில் ஏந்துவான். வேல் வலக்கையில் இருக்கும். கேடயத்துச் சிங்கம் வேலிருக்கும் பக்கம் முகம் திருப்பி நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் படைகளின் முறை. இவையோ வேலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பும் அவசரத்தில் இருந்தன.

"ஒரே சாயங்காலத்துல முடிச்சிட்டேன்க்கா," என்றான் எதிரே உட்கார்ந்திருந்த தம்பி. அவன் முகம் பாராட்டுக்குக் காத்திருந்தது.

எப்படி முடித்தாய் என்று அக்காள் கேட்டாள். அவன் தன் உபாயத்தைப் பெருமையோடு விரித்துரைத்தான். மாதிரிச் சிங்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, கரிமிகுந்த பென்சிலால் நகலெடுத்தானாம். பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்துக் கேடயத்தின்மேல் வைத்து, பின்புறத்தை நகத்தால் தேய்த்தானாம். கோடு அப்படியே இறங்கிவிட்டதாம். நாற்பத்தெட்டுக்கும் ஒரே அச்சு.

தாளைக் கவிழ்த்தால் சிங்கமும் கவிழும் என்பதை அக்காள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் பாத்தா என்னக்கா? சிங்கம் சிங்கம்தானே."

"ஓடுதுடா."

"எங்க ஓடுது?"

"வீட்டுக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போர்.

அக்காளின் தொழில் பல் செய்வது. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைக் கொண்டு, இன்னாருடைய வாய்க்கு இன்ன நிறம் என்று பார்த்து, பீங்கான் குழைவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, உலையில் சுட்டெடுப்பாள். ஒரு முன்பல்லில் விளிம்பு வெளுத்தும் வேரடி மங்கியும் இருப்பதைப் பதினாறு படிகளாகப் பிரித்துப் பார்க்கும் கண் அவளுக்கு. அந்தக் கண்ணும் கையும் மாலை வேளைகளில் விரலளவு ஈயப் படைவீரர்களுக்கு உரியவை. ஆறு ஆண்டுகளாக அவள் படைகளைத் தீட்டி பகடை உருட்டிப் பொம்மைப் படைகளை மோதவிடும் மேசைப்போர்ச் சங்கத்துக்கு எடுத்துப் போகிறாள். ஆறு ஆண்டுகளாகவும் அவளுக்குக் கிடைத்தது ஓரத்தில் போட்ட பிளைவுட் பலகைதான்.

அச்சகத்துக்கு மேல்மாடியிலிருந்த சங்கத்தின் கூடத்தில் நடுவே பன்னிரண்டு அடி நீளப் பெருமேசை கிடந்தது. குன்றும் ஆறும் கோட்டையும் வைத்து இழைத்த மேசை. ஆண்டுக்கொரு முறை அதில் பெரும்போர் நடக்கும். அதில் இறங்கும் படைக்கு ஒரு விதி உண்டு. ஒரு படைக்கு இரண்டு தளபதிகள். இருவரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது தம் கையால் தீட்டியிருக்க வேண்டும். யார் எதைத் தீட்டினார் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடையில் கொடுத்துத் தீட்டி வாங்கி வந்தவர்களை ஒதுக்குவதற்காக எப்போதோ வைத்த விதி. சென்ற ஆண்டு அது அக்காள்மேல் பாய்ந்தது. நூற்றிருபது உருவங்களையும் தானே தீட்டியிருந்தாள் என்பதற்காகவே அவளைத் திருப்பி அனுப்பினார் சர்வேயர்.

சர்வேயர் என்பவர் சங்கத்தின் நடுவர். நிலமளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அளப்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். பூதக்கண்ணாடியும் எஃகு நாடாவும் இல்லாமல் அவர் படியேறியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சிங்கம் திரும்பி நின்றதென்று முப்பது குதிரைவீரர்களை மேசையிலிருந்து இறக்கியவர் அவர்.

ஆகவே இந்த ஆண்டு தம்பி. வேறு யாரும் கிடைக்கவில்லை. அவன் லிப்ட் பழுது பார்ப்பவன், ஆட்டத்தில் கெட்டிக்காரன், பகடையைத் தொட்டால் ஐந்துக்குக் கீழே விழாத கை. தூரிகை பிடித்தால் மட்டும் அந்தக் கைக்கு என்ன நேரும் என்று விளங்காது. வேல்வீரர் நாற்பத்தெட்டுப் பேரை அவனுக்கு ஒதுக்கிய நாளிலிருந்து ஐந்து மாதமாக அக்காளுக்கு நிம்மதி இல்லை. தண்ணீர் கலக்காமல் பெயின்டைக் குழைத்துப் பூசுவான். வீரனின் மூக்கும் வாயும் அதில் மூழ்கிவிடும். ரோமம் ஒன்றுக்கொன்று பிரியாத அவளுடைய நல்ல தூரிகையை எடுத்துப் பசை கலக்கினான். ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் எட்டுக்கு வருவான். கேட்டால், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்பான். அது மெய்யாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. திட்டவும் வழியில்லை.

இப்போது நாற்பத்தெட்டுக் கேடயங்களையும் அவன்தான் மறுபடி தீட்டியாக வேண்டும். அக்காள் தூரிகையை வைத்தால் ஒரே இரவில் முடியும். ஆனால் வைத்தால் விதி போயிற்று.

செவ்வாய் இரவு உணவுக்கு முன்பே சிங்கங்களின் மேல் சிவப்பு ஏறியது. புதன் மாலையிலிருந்து அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தான். அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாள். முதல் சிங்கம் நாய்போல வந்தது. இரண்டாவது, மழையில் நனைந்த பூனை. மூன்றாவதைச் சாய்வு நாற்காலி என்று சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள். வாலை மேலே தூக்கு என்றாள், தூக்கினான், அது ஐந்தாவது கால் ஆயிற்று. மூச்சை விட்டுக்கொண்டே கோடு இழுக்காதே, மூச்சை நிறுத்தி இழு என்றாள். அவன் மூச்சை நிறுத்தி, கோட்டையும் நிறுத்தி, ஏதோ நினைவு வந்தவனாய், ஒரு அலுவலகக் கட்டடத்து லிப்டில் சிக்கிய மேலாளர் தான் அன்று வேலையை விட்டு நீக்கவிருந்த ஊழியரோடு நாற்பது நிமிடம் தனியே நின்ற கதையைச் சொல்லத் தொடங்கினான். அந்தக் கதையின் நீளத்தில் நான்கு சிங்கங்கள் வரைந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் உண்மை. எல்லாம் வேலிருக்கும் பக்கம் பார்த்தன.

வியாழன் முடிவில் இருபத்தேழு ஆயின. வெள்ளிக்கிழமை அவன் வரமாட்டான், ஒரு மருத்துவமனையில் இரண்டு லிப்டும் நின்றுவிட்டன என்று செய்தி வந்தது. அக்காள் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். படை நிற்கும் ஒழுங்கு அவள் மனத்தில் இருந்தது. வேல்வீரர் வரிசைக்குப் பன்னிருவராய் நான்கு வரிசை. முன்வரிசைதான் எல்லார் கண்ணிலும் படும். அதில் நாய்களும் நாற்காலிகளும் அணிவகுத்தால், அவள் தீட்டிய புரவிகளையும் வில்லாளிகளையும் யார் பார்ப்பார்கள்? ஆறு ஆண்டு காத்த மேசையில், எதிர்ப்படையை நடத்தும் கண்ணாடிக்கடைக்காரரும் அவருடைய மாப்பிள்ளையும் எதிரே நின்று சிரிப்பார்கள்.

அவன் தீட்டி முடித்தவற்றில் ஒன்பது கேடயங்களை நாடாவிலிருந்து பிரித்து, அவற்றின் சிங்கங்களைச் சிவப்பால் மறைத்து, பல்செட் வைக்கும் பெட்டியில் அடுக்கிப் பணியிடத்துக்கு எடுத்துப் போனாள்.

மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். உலை தணிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் உருப்பெருக்கியை மாட்டி, கை நடுங்காதிருக்கப் பலகையின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றினாள். சன்னத் தூரிகையின் நுனியில் மூன்று மயிர் மட்டும் தொட்டது. பிடரி சுருண்டது, நகம் விரிந்தது, நாக்கு நெருப்பிதழ்போல் வெளிவந்தது. நாற்பது நிமிடத்தில் ஒன்பது சிங்கங்கள் உயிர்பெற்று உறுமின. சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவே இல்லை. நூற்றிருபதில் ஒன்பது எம்மாத்திரம் என்று அவள் தனக்குள் ஒரு வாதம் கட்டினாள். அந்த வாதம் நன்றாகவே இருந்தது. அதை வேறொருவரிடம் சொல்லிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை தம்பி வருவதற்கு முன்பே, முடிந்த கேடயங்களை வீரர்களின் கையில் ஒட்டி, பெட்டியில் அடுக்கி மூடிவிட்டாள். அவன் மீதியை மாலைக்குள் தீட்டினான். கடைசிப் பன்னிரண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் ஒட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். மறுக்கத் தெம்பில்லாமல் அவள் சம்மதித்தாள்.

ஞாயிறு காலை பெருமேசையின் தெற்கு விளிம்பில் படை இறங்கியது. இருவரும் தாளில் கையெழுத்திட்டார்கள். வேல்வீரர் நாற்பத்தெட்டும் தம்பி தீட்டியவை என்று அக்காளின் மணிமணியான எழுத்தில் இருந்தது. சர்வேயர் குனிந்தார். பூதக்கண்ணாடி புரவிகளின் மேல் போயிற்று, வில்லாளிகளின் மேல் போயிற்று, வேல்வீரரின் முன்வரிசையில் வந்து நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு தாளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இப்படியொரு கை இவ்வளவு நாள் எங்கே இருந்தது என்று மெச்சினார்.

தம்பி மகிழ்ந்துபோய்த் தானும் குனிந்து பார்த்தான். அவன் நிமிர்வதற்குள் அக்காளுக்கு விளங்கிவிட்டது. மேசைக்கடியில் அவன் காலை மிதிக்க முயன்றாள், மிதிபட்டது மேசைக்கால்.

"இந்த ஒன்பதும் நான் போட்டது இல்ல சார்," என்றான் அவன். "என்னுது இவ்வளவு நல்லா வராது."

கண்ணாடிக்கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காள் யார் முகத்தையும் பார்க்காமல், வெள்ளிக்கிழமை மதியம் தான் போட்டவை அவை என்று சொன்னாள்.

சர்வேயர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பொய்யாக எழுதிய உருவங்கள் மேசையில் நிற்கக் கூடாது, ஒன்பதும் வெளியே. மிச்சம் நூற்றுப்பதினொன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு முப்பத்தேழு. தம்பியின் கணக்கில் முப்பத்தொன்பது இருந்தன.

"இரண்டு ஆள்ல தப்பிச்சீங்கம்மா," என்றார். "நானா கண்டுபிடிச்சிருந்தா முழுப் படையும் படியிறங்கியிருக்கும். தம்பி வாயைத் திறந்ததால நிக்குது."

அக்காள் தம்பியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ஐந்து மாதத்து எரிச்சலும் நாக்கில் வந்து நின்றது. சொன்னது இரண்டே சொல்.

"ஏண்டா சொன்ன?"

"இன்னொண்ணு போட்டுக் காட்டுன்னு அந்த ஆளு தூரிகையை நீட்டியிருந்தா?" என்றான் அவன். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். "அது மட்டும் இல்லக்கா. மூணு நாள் முதுகு ஒடிய உக்காந்து போட்டேன். நல்லா இல்லன்னு தெரியும். அதுக்காக ஒரு வார்த்தை சொல்லாம அழிச்சிருக்க."

அவளிடம் இருந்த பதில்கள் எல்லாம் தூரிகையைப் பற்றியவை.

திரும்பி வந்து, தன் ஒன்பது சிங்கங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கையை உதறிவிட்டுப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் முன்வரிசையில் ஒன்பது இடம் ஓட்டைப் பல்போல் இளித்தது; ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் தொழில் விடாது. பின்வரிசையிலிருந்து அவன் காலையில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களை முன்னே கொண்டுவந்து அவளே நிறுத்தினாள். நாயும் பூனையும் ஐந்துகால் பிராணியும் பகைவரை எதிர்நோக்கின.

கண்ணாடிக்கடைக்காரரின் மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, நடுவில் நிற்பது என்ன மிருகம் என்று பணிவாகக் கேட்டான்.

"சிங்கம்," என்றாள் அக்காள். "எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்துக்குங்க."

சர்வேயர் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கலாம் என்றார். முதல் நகர்வு யாருக்கு என்பதைப் பகடை சொல்ல வேண்டும். அக்காள் வரிசையைக் கடைசியாக ஒரு தரம் நேர்செய்ய விரலை வைத்தாள்; நடுவீரனின் கேடயம் கழன்று அவள் கட்டைவிரலோடு வந்தது.

"மெதுவாக்கா," என்றான் தம்பி. "பசை இன்னும் காயல. பஸ்ல வரும்போதுதான் ஒட்டுனேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். கேடயத்தை வீரனின் இடக்கையில் பொருத்தி, சிங்கத்தின் முகம் வேலை நோக்கும்படி திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பிடி விட்டால் விழும். எதிர்ப்படை காத்திருந்தது. சர்வேயர் காத்திருந்தார். பகடைக் குவளை அவளுடைய மற்றக் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற," என்றாள். "நீ போடு."