சஹர் நேரத்து ஆட்டுக்கல்

வடிவம்மாவுக்கு வீடு கிடைக்காமல் போனதற்கு அவளுடைய ஆட்டுக்கல்தான் காரணம். பதுளை டவுனில் அவள் பார்த்த ஒவ்வொரு அறையின் சொந்தக்காரரும் முதலில் சிரித்த முகமாகத்தான் பேசினார்கள். விடியுமுன் உழுந்து அரைத்து, வடை சுட்டு, பஸ் ஸ்டாண்டில் விற்கிறவள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. சத்தம் சரிவராதாம். அரைக்காவிட்டால் அவளுக்குச் சோறில்லை என்பது அவர்களுக்கு என்ன தெரியும்!

ஏழைத் தொழிலாளர்களுக்கென்று அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் அவளுடையது கடைசி. ரோட்டு வேலை செய்த புருஷன் சண்முகராஜாவுக்குக் கிடைத்த வீடு. அவர் கண்மூடிய பிறகும் அவளை யாரும் வெளியேற்றவில்லை. இப்போது வரிசையையே இடிக்கப் போகிறார்கள். சுவர் வெடித்துவிட்டது, ஆபத்து, மாற்று வீடு பிறகு வரும் என்றார்கள். அந்தப் 'பிறகு' எப்போது என்பது, அதைச் சொன்ன அதிகாரி ஐயாவுக்கே தெரியாது. பக்கத்து வீட்டு நிஷாந்தினி பசறைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வரிசையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வடிவம்மாவுக்குத் திரும்பிப் போக அப்படி ஒற்றை அறை லயக் காம்பிராவும் இல்லை.

என்றாலும் அந்த வீட்டை வைய அவளுக்கு மனசு வரவில்லை. மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்த வீடு. நாளைக்கு மண்ணாகப் போகிற அடுப்படியைக் கடைசியாக ஒருமுறை கூட்டித் துடைத்தாள். பாக்கி இருந்தது ஒரு மன்னிப்பு மட்டும்தான்.

அவளுடைய பின்சுவரை ஒட்டித்தான் துணிக்கடை மொஹிதீன் முதலாளி வீட்டுச் சமையலறை. வாசல் அடுத்த தெருவில். வருஷா வருஷம் நோன்பு மாதத்தில், அவள் அரைக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சுவரில் தட்டுவார்கள். பட்டினி கிடக்கிறவர்களுக்கு எரிச்சல் வரத்தானே செய்யும் என்று வடிவம்மா குறுகிப் போவாள். ஒரு வருஷம் கல்லுக்கடியில் சாக்கைக்கூட மடித்துப் போட்டாள். முதலாளியின் மனைவி லரீபாவைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவாள்.

வடைத் தட்டோடு போய் அந்த வாசலில் நின்றாள். லரீபாவே கதவைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இத்தன வருஷமா ஒங்க தூக்கத்தக் கெடுத்துட்டேன். நோன்பு மாசத்துல செவுத்துல தட்டுவீங்கல்ல... இனிமே சத்தம் இருக்காது."

லரீபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாஹ்வே! நாங்க எழும்பிட்டோம்னு சொல்லத்தான் தட்டுற, வடிவக்கா! ஒங்கட கல்லுச் சத்தத்துலதான் நாங்க விடிய முந்தி சஹர் சாப்பிட எழும்புற. அலாரம் அடிச்சா இவர் நிப்பாட்டிட்டுத் தூங்கிருவார். ஒங்கட கல்ல நிப்பாட்ட ஏலுமா?"

"ஒரு வருஷம் சாக்குப் போட்டு அரச்சேங்க..."

"அந்த வருஷந்தான் பாதி நாள் வெறும் வயித்தோட நோன்பு புடிச்சோம்!"

சிரித்து ஓய்ந்த லரீபா, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். வடிவம்மா வடைத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். லரீபாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட மொஹிதீன் தாடியைத் தடவினார்.

"பின்னுக்குச் சாமான் அறை சும்மாதானே கெடக்கு. அரசாங்கத்துக்குக் குடுத்த வாடகையையே குடுங்க."

வடிவம்மா உடனே தலையாட்டினாள். ஆனாலும் ஒளிக்கக் கூடாதே.

"ஆட்டுக்கல்லு இருக்குங்க முதலாளி."

"அது இல்லாம வந்தா அறை இல்ல."

நோன்பு மாதம் பிறந்தது. ஜன்னலுக்கு வெளியே, வரிசை வீடுகள் இருந்த இடம் வெறும் இருட்டாகக் கிடந்தது. அந்த வீடு கொடுத்த உறவில்தான் இந்தக் கூரை கிடைத்தது என்று நினைத்ததும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு சாக்கு இல்லாமல் கல்லை நன்றாகச் சுழற்றினாள்.

சமையலறைப் பக்கம் சுவரில் தட்டினார்கள். வடிவம்மா எழுந்து, மாவுக் கையோடு திருப்பித் தட்டினாள்.