விளையாடுறவங்க யாருமில்ல

தேவிப்ரியா வாசற்படியில் உட்கார்ந்து கெண்டைக்காலில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேரூராட்சியிலிருந்து அந்த ஆள் வந்தான். வெற்றிசெல்வன் என்று கழுத்தில் தொங்கிய அட்டையில் போட்டிருந்தது. ஒல்லி உடம்பு, கையில் டேப்லெட், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நம்ம பொன்னக்குடிக்கு கிரவுண்டு, பார்க்கு எல்லாம் வரப்போகுது. எந்த வார்டுல எத்தன பேருக்கு வேணுமோ அதப் பாத்துத்தான் வைப்போம். கவுன்சிலர் வீட்டுப் பக்கமா வைக்கிற கதையே இந்தத் தடவ இல்ல. எல்லாம் டேட்டா."

"டாட்டாவா?" என்று அம்மா சொர்ணவல்லி கையை ஆட்டிக் காட்டினாள். அவனும் சிரித்துவிட்டான்.

"வீட்டுல யாராச்சும் விளையாடுவீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க தம்பி. நான் பாண்டி ஆடுறேன், இவ கோலிக்குண்டு அடிக்கிறா. போங்க அங்கிட்டு! கழுத வயசாவுது, இன்னும் என்ன வெளையாட்டு?"

அவன் தேவிப்ரியாவைப் பார்த்தான். "நீங்க, தங்கச்சி?"

"இல்லண்ணே. வெளையாட்டெல்லாம் ஸ்கூலோட போச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. அன்று விடியற்காலையில்கூட சந்தைப் பொட்டலில் நாக்குத் தள்ள ஓடிவிட்டு, மணல் குழியில் தாண்டித் தாண்டி விழுந்து, முழங்காலில் சிராய்ப்போடுதான் வந்திருந்தாள். ஆனால் அதற்குப் பெயர் விளையாட்டா? அது போலீஸ் வேலை. எழுத்துப் பரீட்சை எழுதியாகிவிட்டது. பாஸானால் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது. இதை யாராவது விளையாட்டு என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

"சரி, நடக்கப் போவீங்களா?" என்றான் வெற்றிசெல்வன்.

"அதக் கேளுங்க முதல்ல," என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே வந்தாள். "சுகர் இருக்கு. கீரனூர் டாக்டரு போறப்பல்லாம் நட நடன்னுதான் சொல்றாரு. எங்கிட்டு நடக்கிறது? ரோட்டுல நடந்தா பஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான்."

அவன் சந்தோஷமாக எதையோ தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அடுத்த வீடு மாஹிராவுடையது. அவளும் பொட்டலில் ஓடுகிறவள்தான். பர்தாவுக்குள்ளே டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து, பொட்டலோரத்து வேலிக்கருவையில் பர்தாவைத் தொங்கவிட்டுவிட்டுப் பறப்பாள். அவளுடைய அம்மா சம்சுன் நிஹார் பதில் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது.

"வெளையாட்டா? எங்க வீட்டுப் புள்ளைங்க அப்படியெல்லாம் இல்ல வாப்பா."

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சந்தைப் பொட்டல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய வாரச்சந்தை கூடிய இடம். சந்தை வேறு பக்கம் போனபின் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தத் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கல் பொறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டு, வீடு கட்டுகிற இடங்களில் மீந்த மணலைச் சட்டி சட்டியாகச் சுமந்து தாண்டுவதற்குக் குழி நிரப்பியிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதால்தான் இருட்டோடு இருட்டாக வர முடிந்தது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியலில் மாஹிரா மூச்சிரைக்க வந்து கதவைத் தட்டினாள். "ஏய், ஜேசிபி நிக்குதுடி நம்ம குழி மேல!"

அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் நேரே பேரூராட்சிக்குப் போனார்கள். வெற்றிசெல்வன் ஆசையாக ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினான்.

"இங்க பாருங்க தங்கச்சி. இருக்குற எடம் ஒரு பக்கம், வேணுங்கிற ஆளுங்க ஒரு பக்கம். ரெண்டையும் பொருத்திப் பாத்தோம். ரோட்டுக்கு அங்கிட்டு நாலாவது வார்டுல கிரிக்கெட் பசங்க நெறைய, செவப்பா இருக்கு. அதனால கிரவுண்டு அங்க. ஒங்க வார்டுல எல்லாரும் நடக்கத்தான் கேக்குறாங்க. அதனால பொட்டல்ல நடைபாதைப் பூங்கா."

"வெளையாடுறவங்க?" என்று மாஹிரா கேட்டாள்.

"ஒங்க வார்டுல பொம்பளைங்க ஒருத்தர்கூட இல்ல. பூஜ்யம்."

"அண்ணே, நாங்க தெனம் ஓடுறோமே அங்க!" என்றாள் தேவிப்ரியா.

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "நான் ஒங்க வீட்டுக்கு வந்தேனே. நீங்கதான வெளையாடலன்னு சொன்னீங்க?"

"வெளையாடல. ஓடுறோம். போலீசுக்கு."

"ஓடுறது வெளையாட்டுதானங்க!"

"எங்களுக்கு எப்படிண்ணே அது வெளையாட்டு?" தேவிப்ரியா மேஜையில் கை ஊன்றிக் குனிந்தாள். "ஓடுறியான்னு கேட்டிருந்தா ஓடுறேன்னு சொல்லியிருப்பேன்ல."

வெற்றிசெல்வன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு விருட்டென்று எழுந்து அவர்களைச் செயல் அலுவலர் அடைக்கலமேரி அறைக்குள் கூட்டிப்போனான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான், தப்பு தன்னுடையது என்றும் சொன்னான். அடைக்கலமேரி நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், கடைசி வரை கேட்டார்.

"ஒப்புதல் வாங்கி டெண்டரும் விட்டாச்சும்மா. இனிமே இங்க இருந்து நான் எதையும் மாத்த முடியாது. மேல எழுதிப் போட்டா, வீடு வீடாப் போய்க் கேட்டதுதானே, அந்தப் புள்ளைங்களே இல்லன்னு சொல்லியிருக்காங்களேன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

டீ ஆறி ஆடை கட்டியது.

நாலாவது வார்டு மைதானத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்தார்கள். பையன்கள் மோசமில்லை. "அக்கா, பந்து வருது, ஓரமா ஓடுங்க," என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஓரம் என்று ஒன்று அங்கே இல்லை. நாலு பக்கமும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விடியுமுன் போகலாமென்றால் திருச்சி ரோட்டை இருட்டில் தாண்ட வேண்டும். மாஹிரா வீட்டில் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தேவிப்ரியா மட்டும் தெருவிலேயே ஓடினாள், தாண்டுவதற்குத்தான் எங்கேயும் மணல் இல்லை.

எழுத்துப் பரீட்சை ரிசல்ட் வந்தது. தேவிப்ரியா பாஸ். பூங்காவைத் திறந்ததும் அதே வாரம்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காவலாளி இருளாண்டி கதவைத் திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தேவிப்ரியா வாசலில் வந்து நின்றாள். உள்ளே சிமென்ட் கல் பதித்த பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. இருபதடி நேராக ஓட இடமில்லை. குழி இருந்த இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் அம்மாவும் சம்சுன் நிஹாரும் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு அம்சமா இருக்கு!" என்று அம்மா அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னாள்.

வாசலில் வெற்றிசெல்வன் நின்றான். கையில் பொத்தான் வைத்த எண்ணும் கருவி. பூங்காவை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் கடந்தபோது டிக் என்று ஒரு சத்தம்.

தேவிப்ரியா நின்றாள். "அண்ணே, நான் நடக்க வரலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் அமுக்குனீங்க?"

அவன் இந்த முறை சிரிக்கவில்லை. "இதுல நடக்குறவங்கன்னு ஒண்ணுதாம்மா இருக்கு. அமுக்கலன்னா யாருமே வரலன்னு ஆயிரும். அப்பறம் இந்த எடமும் இருக்காது, கடை கட்டி விட்ருவாங்க. என்ன பண்ணச் சொல்ற?"

அவள் உள்ளே போனாள். முதல் வளைவு தாண்டி, கொஞ்சம் நேராகத் தெரிந்த இடத்தில், கால் தானாக வேகம் பிடித்தது. நாலு எட்டு, அஞ்சு எட்டு.

பின்னால் விசில் ஊதியது.

"ஓடாதீங்கம்மா!" இருளாண்டி பதறிக்கொண்டு வந்தார். "பெரியவுங்க மேல மோதிட்டீங்கன்னா என் தலைதான் உருளும். வெளையாடுற எடமா இது? நடங்க, நல்லா நடங்க."

அவளுக்குப் பின்னால் யாரோ வந்தார்கள். வாசலில் டிக் என்று கேட்டது.

தேவிப்ரியா நடந்தாள்.