முற்றத்தில் ஏழு பிணங்கள்

அனுப்பிரியாவுக்கு முற்றத்தில் ஏழு பிணங்கள் வேண்டும். ஒரு வருடம் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள். அக்டோபர் கடைசி நாளில் அங்கே வீட்டு வாசலைச் சுடுகாடு போல ஜோடிப்பார்களாம். இங்கேயும் அன்றைக்குச் சிநேகிதர்கள் பேய் வேஷத்தில் வருவார்கள்.

அவள் அப்பாவின் பனியன் கம்பெனியில் சித்ராதேவி டெய்லர். பிணப் பொம்மைகள் செய்ய அவளை மூன்று நாள் பங்களாவுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அது நிம்மதி. புருஷன் அருள்குமாரை விட்டுப் பிரிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று கம்பெனி கேட்டில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பங்களாவுக்கு உயரமான மதில். கேட்டில் வாட்ச்மேன் ஆத்தப்பன்.

இரும்புக் குழாய்களை நிறுத்தி, அடியில் செங்கல் அண்டை கொடுத்தாள். ரிஜெக்ட் டி-சர்ட்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டித் திணித்தாள். மைதாப் பசையில் சிவப்புச் சாயம் கலந்து கழுத்துகளில் பூசினாள். ஏழாவது மட்டும் பெண் பிணம். கறுப்பு நூலில் சடை பின்னி வைத்தாள். சேலை கேட்டாள்.

அனுப்பிரியாவின் அம்மா பழனாயி கையை உதறினாள்.

"எங்கூட்டுச் சீலையப் பொணத்துக்குக் கட்டறதா? நல்லாருக்குது. உன்றது பழசு ஏதாச்சும் இருந்தாக் கட்டி உடு கண்ணு."

சித்ராதேவியின் பையில் இரண்டு சேலைகள் இருந்தன. பச்சையைக் கட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு, வேஷம் போட்ட சிநேகிதர்களுக்குப் பின்னால் அருள்குமார் வந்தான். அவள் அங்கே இருப்பதைக் கம்பெனியில் எவனோ சொல்லியிருந்தான். கையில் அரிவாளை மறைக்கவில்லை.

"வேசம் நல்லாருக்குதுங்க தம்பி," என்றான் ஆத்தப்பன். "நெச அருவா மாதிரியே இருக்குதுங்க."

"நெசந்தான்."

ஆத்தப்பன் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது. பச்சைச் சேலை, முதுகு, சடை. அந்தச் சேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன். முதல் வெட்டில் தலை தொங்கியது. அடுத்தது தோளில். மூன்றாவது இடுப்பில். வெள்ளை வெள்ளையாகத் துணி சரிந்தது. சுற்றி நின்ற இருபது பேர் கை தட்டினார்கள்.

சித்ராதேவி கார் ஷெட்டில் பசைக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தனக்கு எங்கெங்கே விழும் என்று பார்த்துவிட்டாள். கேட்டுக்குப் போகும் வழியில் அவன் நின்றான்.

"பொம்ம செஞ்சு வச்சு ஏமாத்துதியோ?" என்று திரும்பினான்.

"மேடம், இவன் என் புருசன். நெசமா வெட்டிருவான். பிடிங்க."

அனுப்பிரியா போனை உயர்த்திப் பிடித்தாள். "அக்கா, சூப்பருங்க்கா. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

"எங்கடி புடிச்சே இந்த ஆள?" என்றாள் ஒரு சிநேகிதி.

அரிவாள் கிண்ணத்தையும் முன்கையையும் சேர்த்து வெட்டியது. ரத்தம் சாயத்தோடு கலந்தது. மறுபடியும் கைதட்டல். ஒருவன் விசில் அடித்தான்.

சித்ராதேவி அதன் பிறகு கத்தவில்லை. பொம்மைகளுக்கு நடுவே ஓடினாள். ஒன்றை இழுத்து முன்னால் பிடித்தாள். அரிவாள் அதன் வயிற்றில் இறங்கியது. பனியன் துணி அறுபடாமல் இழுபடும். சுருட்டித் திணித்தால் இரும்பையும் கவ்வும். அவன் இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை.

அவள் அடியில் கிடந்த செங்கல்லை எடுத்து அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அடுத்து நெற்றிப் பொட்டில் அடித்தாள். விழுந்தான். விழுந்தவனின் முழங்காலில் இரண்டு முறை அடித்தாள்.

அனுப்பிரியா சிரித்தபடி வந்து குனிந்தாள். "அண்ணா, போதுங்க. எந்திரிங்க."

அவன் தோளைத் தொட்டாள். கையில் ஒட்டிய சிவப்பைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். பசை வாசனை இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மூச்சு இருக்கான்னு பாருங்க மேடம்," என்றாள் சித்ராதேவி.

அனுப்பிரியா விரலை அவன் மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இருக்குதுங்க்கா."

சித்ராதேவி செங்கல்லைக் கீழே வைக்கவில்லை.