புதுச் சக்கரமும் என் வீட்டுக்காரர் அடித்த காற்றும்

என் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். சைக்கிளிலும் வேகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மூன்று வருடமாக எங்கள் சைக்கிள் கிளப்பின் பெண்கள் அணியில் நாலாவது இடம் அவளுக்கு, நான் உபரி. யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருத்திக்கும் வந்து தொலைக்கவில்லை. இந்த வருடம் அந்த இடத்துக்கு எங்கள் இருவருக்கும் போட்டி வைப்பதாகக் கோச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஓட்டிப் பார்க்க ஒரு ஜோடி ஏரோ சக்கரம் வாங்கி வந்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே செய்த உயரமான கார்பன் ரிம். நாத்தனார் ஓட்டுவதும் அதே ரகம்தான்.

"மாட்டிப் பாரு, பறப்பே" என்றார்.

பறந்தேன்தான். நல்ல ரோட்டில் வூம் என்று ஒரு சத்தம், மிதிக்காமலே போகிற மாதிரி ஒரு சுகம். ஆற்றங்கரை ரோட்டில் தார் பெயர்ந்த இடம் வந்ததும், குலுங்கின குலுக்கலில் உயிர் போய் உயிர் வந்தது. மறுநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால், விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. சைக்கிளோடு வந்த பழைய சக்கரத்தை மாட்டினால் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஆனால் ஆமை வேகம்.

"வேகம் வேணுமா, சொகுசு வேணுமா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு."

"ரெண்டும் வேணும்! ஏன், எனக்கு மட்டும் ஆசை இருக்கக் கூடாதா?"

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அவர் புதுச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து, மொத்த உடம்பையும் பம்பின் மேல் போட்டு அழுத்துகிறார்.

"எதுக்குங்க இந்த அழுத்து?"

"விலை ஒசந்த சக்கரம்டி. கல்லு மாதிரி இருந்தாத்தான் ஓடும்."

"பழசுக்கு எப்போ அடிச்சீங்க?"

"அதுக்கா?" தலையைச் சொறிந்தார். "அதுக்கு எதுக்கு?"

வந்ததே எனக்குக் கோபம்! இத்தனை நாளாக நான் ஒப்பிட்டுப் பார்த்தது சக்கரங்களையே அல்ல, இந்த மனிதரின் தோள்பலத்தை. பம்பைப் பிடுங்கினேன். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு இரண்டு ஜோடியிலும் காற்றை ஒரே மாதிரி வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி ஆற்றங்கரையில் ஓட்டினேன். குலுங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வேகத்தில் பழசால் ஏரோவை நெருங்கவே முடியவில்லை. ரோட்டிலேயே நின்று தனியாகச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. தன் தங்கச்சி சைக்கிளுக்கும் இவர்தானே காற்றடிக்கிறார்! சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி வரை மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் ஜெயித்தால் எனக்கே தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

மறுநாள் ஏரோவையே மாட்டிக்கொண்டு போய், புறப்படுகிற கோட்டில் அவளிடம் சொன்னேன். "உங்க அண்ணன் கல்லு மாதிரி அடிச்சிருப்பாரு. காத்தைக் கொஞ்சம் எறக்கிக்கோ."

"எனக்கே பாடமா அண்ணி? முதல்ல உங்களைப் பாத்துக்கோங்க."

சரி தாயே, உன் இஷ்டம்.

அதே ஆற்றங்கரை ரோட்டில், யாருக்கு நேரம் குறைவு என்று பார்க்கிற போட்டி. அவள் கிளம்பி அரை நிமிடம் கழித்து என்னை விட்டார்கள். போகும்போது அவள் முதுகுகூடக் கண்ணில் படவில்லை. திரும்பும்போது தார் பெயர்ந்த இடத்தில் தெரிந்தாள். சீட்டில் உட்கார முடியாமல் எழுந்து நின்று, குதிக்கிற சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. மிதித்தேன், கண்மண் தெரியாமல் மிதித்தேன்.

"ஓரம் போம்மா!"

அப்படிக் கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அவளைத் தாண்டியபின் திரும்பிப் பார்க்கவே இல்லை. கோட்டைக் கடந்து பிரேக் பிடித்தபோது கோச் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"நாலாவது இடம் உங்களுக்குத்தான்மா!"

நாத்தனார் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது, முகம் கறுத்திருந்தது. குனிந்து என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தன்னுடையதையும் அழுத்தினாள்.

"சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றாள். பிறகு கோச்சிடம் திரும்பி, "உபரியில என் பேரைப் போட்டுக்கோங்க சார்" என்றாள்.

மூன்று வருடம் உபரியாகவே இருந்தவள் நான். அப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் என் கையைப் பிடித்து உயரத் தூக்கி, "எங்க அண்ணி!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே நானும் கத்தினேன். "ஆமா, நான்தான்!"