குரலா, பொத்தானா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை என் சமையலறை விளக்கைப் பழுதுபார்க்க வந்த எலக்ட்ரீஷியன், ஏணியில் நின்றபடி சொன்னது இது. சொல்லி முடித்து இறங்கி, "நீங்க எழுதுறவர்தானே சார், நான் என்ன பண்ணட்டும்? ஒரு வழி சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, யோசிப்பதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களிடம் வழி கேட்டால் இதுதான் கிடைக்கும்.

முதல் தொடக்கம்: "பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒலித்துவந்த அந்தத் தேன்குரல்..." வேண்டாம். தேன் என்று எழுதியதுமே காகிதம் பிசுபிசுக்கிறது.

இரண்டாவது: "எரி என்றாள், விளக்கு எரிந்தது. அணை என்றாள்..." இதில் புராண வாடை அடிக்கிறது.

மூன்றாவது, கொஞ்சம் பரவாயில்லை: ஒரு கணவர் தன் மனைவிக்காக, வீட்டு விளக்கையும் மின்விசிறியையும் சொன்னபடி இயக்கும் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார். மனைவி பேருந்து நிலைய அறிவிப்பாளர். அவளுக்கு* அடுத்த மாதம் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு குரல் இருக்காது. கணவருக்கு இது தெரியாது. அவர் வாங்கத் துடிப்பது குரலுக்கு இயங்கும் கருவி.

எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் உங்களைத் தூக்கிவாரிப்போடச் செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

(* கணவர் 'அவர்', மனைவி மட்டும் 'அவளா' என்று நீங்கள் கேட்பது நியாயம். இருவரையும் 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், இரண்டாவது பத்தியிலேயே யார் யாரென்று எனக்கே தெரியவில்லை.)

2

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க யாராவது ஒருவர் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டதுலயா?" என்று கேட்பது அவர் தொழில். கருவி வாங்குவதற்கும் அதே முறைதான். ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார்.

எலக்ட்ரீஷியன் முதல் கருவியைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, கூடத்து விளக்கோடு இணைத்தார்.

"கூடத்து விளக்குன்னு சொல்லுங்கக்கா. அணைஞ்சிருந்தா எரியும், எரிஞ்சா அணையும்."

"கூடத்து விளக்கு" என்றாள். எரிந்தது. "கூடத்து விளக்கு" என்றாள். அணைந்தது.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். பல்பைக் கழற்றி மாட்டினார், ஒயரை மாற்றினார். மறுபடியும் எரிந்த கையோடு அணைந்தது. மூன்றாவது தடவைதான் கணவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"மெஷின் மேல தப்பில்ல தம்பி. அவ எதையும் ரெண்டு தடவை சொல்வா. வேலை அப்படி."

ஒவ்வொரு பேருந்து கிளம்பும்போதும் எண்ணையும் ஊரையும் நடைமேடையையும் இரண்டு தடவை சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய் அது. அவளும் சிரித்தாள். சிரிப்பு நடுவழியில் இருமலாக மாறியது. இருமல் அடங்கிய பிறகு அவள் சொன்னது எதுவும் கருவிக்குப் புரியவில்லை. "மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"இது சரிவராது. வேற கொண்டாங்க" என்றார் கணவர்.

அடுத்த வாரம் இரண்டாவது கருவி. அதற்கும் புரியவில்லை.

"பொத்தான் வெச்சதே போதுங்க" என்றாள் அவள். "கையில ஒரு ரிமோட், சுவத்துல ஒண்ணு. எதுக்கு இந்தக் கத்தல்?"

"உன் குரலைக் கேட்டு ஊரே பஸ் ஏறுது. நம்ம வீட்டு ஃபேன் சுத்தாதா? உன் பேச்சு புரியாத மெஷின் எனக்கு வேணாம்."

ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். அடுத்த வாரம் மூன்றாவதும் வந்தது. அதையும் வேண்டாம் என்றார்.

3

அந்த மூன்றாவது தடவை, கடையிலிருந்து ஏதோ போன் வந்து கணவர் மாடிப்படிக்குப் போனார். அப்போதுதான் அவள் எலக்ட்ரீஷியனிடம் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் யாருக்கும் சொல்லாததை வந்துபோகிற ஒருவரிடம் சொல்வது எளிது போலிருக்கிறது.

"பொத்தான் சிஸ்டம்தான் நல்லதுன்னு நீங்க அடிச்சுச் சொல்லிடுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பார்."

"அண்ணன்கிட்ட நீங்களே விஷயத்தைச் சொல்லிடலாமேக்கா?"

அவள் கருவியின் ஒயரைச் சுருட்டினாள். "உங்க பஸ் போயிடுச்சுன்னு ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தர் மூஞ்சியையும் பாத்துச் சொன்னதில்ல."

[இந்த இடத்தில் அவள் அழுததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அழுதாளா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். இல்லை, கருவியின் டப்பாவை ஒழுங்காக மூடிக் கொடுத்தாள் என்றார். வரியை அடித்துவிட்டேன்.]

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு படிவங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் கிளம்பினார். ஒன்று குரலுக்கு, இன்னொன்று பொத்தானுக்கு. எதில் கையெழுத்து விழுகிறதோ அதைத்தான் வீடு முழுக்கப் பொருத்த வேண்டும்.

4

எனக்கு இந்தக் கணவர்மேல்தான் சந்தேகம். கதைக்கு வசதியாக இருக்கிறாரே என்று அவரை அப்பாவியாகவே விட்டுவைத்திருந்தேன். ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் அந்தக் குரலைக் கேட்டவர். எது தெளிவு, எது மங்கல் என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவர். அவருக்கா தெரியாமல் போகும்?

ஒரு சின்ன விவரம் வேண்டி எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது கருவி எந்தச் சொல்லில் தடுக்கியது என்று கேட்டேன்.

"அது எதுலயும் தடுக்கல சார். புது மாடல். இருமிக்கிட்டே சொன்னாங்க, அப்பவும் சரியா புரிஞ்சுக்கிச்சு."

"அப்புறம் ஏன் வேணாம்னார்?"

"அதான் எனக்கும் பிடிபடல. இதுக்கும் இவ பேச்சு புரியலன்னார். லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு சார், அவர் தலைக்கு மேலயே."

போனை வைத்தேன். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கருவி தேடிக்கொண்டிருக்கிறவரை கோளாறு கருவியுடையதுதான். நல்ல கருவி கிடைத்துவிட்டால், தேட வேறு சாக்கு இல்லை. அறுவைச் சிகிச்சை பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். குரல் போய்க்கொண்டிருப்பது தெரியும். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருக்கிறார்.

(முதல் பகுதியில் "கணவருக்கு இது தெரியாது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். திருத்தவில்லை, என் அவசரத்துக்குச் சாட்சியாக அங்கேயே கிடக்கட்டும்.)

5

ஒரு முடிவு எழுதினேன். எலக்ட்ரீஷியன் பொத்தான்தான் சிறந்தது என்று காதில் பூச்சுற்ற, கணவர் தலையாட்ட, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. இருவரும் தெரிந்ததை மென்று விழுங்கியபடி மருத்துவமனை வாசல்வரை போய்விட்டார்கள். பயந்துபோய்க் கிழித்தேன்.

இன்னொன்றில் எலக்ட்ரீஷியனே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அது அவர் சொல்ல வேண்டிய செய்தியல்ல. பாதியிலேயே "அண்ணே, அக்காவுக்கு..."

விட்டுவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கேட்ட வழியை ஒருவழியாகச் சொன்னேன். "ரெண்டு படிவத்தையும் மேசையில வெச்சுடுங்க. எதைப் பத்தியும் வாயே திறக்காதீங்க. எதையோ கீழ வண்டியில மறந்துட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்துடுங்க."

"எதைன்னு சொல்றது?"

"டெஸ்டர்னு சொல்லுங்க."

"அது எப்பவும் சட்டைப் பையிலயே குத்தியிருக்கும் சார், அவருக்கே தெரியும்."

"அப்போ எடுத்து வண்டியில வெச்சுட்டு மேல போங்க."

போயிருப்பார். படிவங்கள் மேசையில் இருக்கும். கணவர் அவற்றைத் தொடவில்லை, மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அவள் நாற்காலியை இழுத்து, இந்த முறை அவருக்கு நேர் எதிரே உட்கார்கிறாள். "என்னங்க" என்கிறாள்.

அடுத்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அவளிடம் இன்னும் இருபத்தாறு நாள் குரல்தான் மிச்சம். அதில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் எழுதிக்கொடுத்து அவள் பேச வேண்டியதில்லை. நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அங்கே இருந்தால், அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.